உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

எடிட்டிங் மேசை: வாசகர் கேள்வி பதில்

கைக்காசு போட்டுப் படம் எடுப்பவர்கள் உங்கள் சந்தேகங்களை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களை எல்லாம் இரண்டு முறை படித்துவிட்டேன். 1998-இல் சாலிகிராமத்தில் ஒரு எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து இதுதான் என் வேலை. என் கையில் வந்தவற்றில் பாதிக்கு மேல் சின்னப் படங்கள். நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு ராத்திரி என் மேசைக்கும் வந்தவைதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செல்போனில் 22 நிமிடக் குறும்படம் எடுத்தோம் அக்கா. வசனத்தைத் தனி ரெக்கார்டரில் பிடித்தோம். அதில் ஒன்பது நிமிடக் காட்சி ஒன்று, ஒரே ஷாட். கிளாப் அடிக்கும் இடத்தை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தி சிங்க் செய்தால் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடுகிறது. ரெக்கார்டர் கெட்டுவிட்டதா?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

ரெக்கார்டர் மேல் தப்பு இருக்காது தம்பி. முதலில் போனைச் சந்தேகப்படுங்கள். சினிமா கேமராவில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், என்று வைத்தால் 24-தான் எடுக்கும். போன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ தன் வசதிக்கு ஃபிரேமைக் கூட்டும், குறைக்கும். நீங்கள் 30 என்று வைத்திருப்பீர்கள். உள்ளே ஒரு நொடியில் 30 இருக்கும், இன்னொரு நொடியில் 28 இருக்கும். எடிட்டிங் மென்பொருள் எல்லா நொடியும் ஒரே மாதிரிதான் என்று எடுத்துக்கொண்டு வரிசையாக அடுக்கும். அங்கேதான் படமும் குரலும் பிரிகின்றன.

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் உங்கள் ஃபைலைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற இடத்தைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால் இதுதான் நோய். ஹேண்ட்பிரேக் என்ற இன்னோர் இலவச மென்பொருளில் போட்டு, கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்து, தரத்தை உயர்த்தி வைத்து மாற்றி எடுங்கள். மூல ஃபைலை அழிக்கவே கூடாது. மாற்றியதை வைத்து எடிட் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாற்றிய பிறகும் குரல் ஒரே சீராக விலகிக்கொண்டே போனால் கணக்கு வேறு. ஒன்று 24-இலும் மற்றொன்று 23.976-இலும் நிற்கிறது என்று அர்த்தம். கேட்க ஒன்றுமில்லாத வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒன்பது நிமிடத்தில் அது அரை நொடிக்கு மேல், கிட்டத்தட்ட 13 ஃபிரேம். மூன்று ஃபிரேம் விலகினாலே பார்ப்பவருக்கு என்னவென்று தெரியாமலே உறுத்தும். இப்படிச் சீரான விலகலுக்கு, ஷாட் முடியும்போதும் ஒரு கிளாப் அடித்திருந்தால் மருந்து சுலபம். முதல் கிளாப்பையும் கடைசி கிளாப்பையும் பொருத்தி, ஒலியை அந்த அளவுக்கு இழுத்துவிடலாம். நீளமான ஷாட்டுக்கு எண்ட் கிளாப் அடிக்காமல் கேமராவை நிறுத்தாதீர்கள். பலகை இல்லாவிட்டால் இரண்டு கை போதும்.

அடுத்த படத்துக்கு இன்னும் சில விஷயங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் மாதிரி, ஃபிரேம் ரேட்டையும் ஷட்டரையும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) கையால் வைக்க விடும் ஆப்பில் எடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட் துடிப்பது தெரியாது. ரெக்கார்டரில் சாம்பிள் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்வதாக இருந்தால், முதல் ஷாட்டை உள்ளே போடுவதற்கு முன்பே ப்ராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட்டை முடிவு செய்துவிடுங்கள். உள்ளே போட்ட பிறகு அதை மாற்ற அது விடாது. ஒரு மாத வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒன்றரை மணி நேரப் படம். நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று கடன் வாங்கி 11 லட்சத்தில் எடுத்து முடித்துவிட்டேன். இப்போது கையில் 90 ஆயிரம்தான் இருக்கிறது. எடிட், கலர், இசை, மிக்ஸ் எல்லாம் பாக்கி. எப்படிப் பிரிக்கட்டும்?
(வாசகி, மதுரை)

பிரிக்காதீர்கள் அம்மா. நாலு பேருக்கு இருபது இருபதாகக் கொடுத்தால் நாலு வேலையும் அரைகுறையாகத்தான் வரும். என் யோசனையைச் சொல்கிறேன். எடிட்டை நீங்களோ கூட இருந்த பிள்ளைகளில் ஒருவரோ இலவச மென்பொருளில் செய்யுங்கள். ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பணத்தில் பெரும்பகுதியை ஒலிக்கு எடுத்து வையுங்கள்.

சின்னப் படத்தை ஏழையாகக் காட்டுவது கேமரா இல்லை, ஒலி. இருட்டாக ஒரு ஷாட் வந்தால் ராத்திரி என்று ரசிகர் ஏற்றுக்கொள்வார். கொஞ்சம் கை நடுங்கினால் அது இயக்குநரின் பாணி என்று நினைத்துக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் இரண்டு நிமிடம் முயன்று பார்த்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன காட்டினாலும் அவர் உள்ளே வரமாட்டார். வசனத்தைச் சுத்தம் செய்து, சுற்றுப்புற ஒலி போட்டு, ஃபோலி (காலடி, கதவு மாதிரித் தனியாகப் பதிவு செய்யும் சத்தங்கள்) சேர்த்து, ஒழுங்காக மிக்ஸ் செய்ய ஒரு நல்ல சவுண்ட் என்ஜினியரைத் தேடுங்கள். கையிலிருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படம் பிடித்திருந்தால் இறங்கி வருகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

கலருக்கு ஷாட்டுக்கு ஷாட் சமமாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே அதைச் செய்யலாம். ராத்திரிக் காட்சிகளில் மணல் மாதிரி ஓடும் புள்ளிகளை அடக்கும் வசதி மட்டும் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. அதற்கு ஒரே முறை பணம் கட்டினால் போதும், மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. இசை எல்லாக் காட்சிக்கும் வேண்டாம். எங்கே இசை இல்லாமல் முடியவே முடியாதோ அந்த ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் கேளுங்கள்.

அப்புறம் இது ரொம்ப முக்கியம். எடிட் லாக் ஆகாமல், அதாவது இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது என்று முடிவாகாமல், ஒலிக்குப் போகாதீர்கள். ஒரு படத்தில் லாக் செய்த பிறகு இயக்குநர் ஒரே ஒரு இடத்தில் 11 ஃபிரேம் எடுக்கச் சொன்னார். அரை நொடிகூட இல்லை. நானும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை டிராக்கும் நகர்ந்து, காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் தள்ளித் தள்ளி விழ, சவுண்ட் என்ஜினியர் விடிய விடிய உட்கார்ந்து சரி செய்தார். அவருடைய ஒரு ராத்திரியை நாங்கள் வீணடித்தோம். ஒலிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் சில நொடி ஹேண்டில், அதாவது கூடுதல் ஒலி, விடுங்கள். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால், ஒரே ஃபிரேம் நீளத்துக்கு ஒரு பீப் வையுங்கள். மிக்ஸ் திரும்பி வந்ததும் அந்த பீப்பைப் பொருத்தினால் எல்லாம் பொருந்திவிடும். வசனம், இசை, எஃபெக்ட்ஸ் மூன்றையும் தனித்தனி டிராக்காகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வேறு மொழியில் டப் செய்யக் கேட்டால் அது இல்லாமல் விற்க முடியாது.

கேள்வி: லைவ் சவுண்டில் எடுத்தோம். கேட்டுப் பார்த்தால் ஃபிரிட்ஜ் உறுமல், தெருவில் மோட்டார், பக்கத்துக் கோயில் குழாய் ஸ்பீக்கர். ஏ.ஐ. போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். இல்லை, முழுக்க டப்பிங் போய்விடலாமா?
(நாகர்கோவில் வாசகர்)

இரண்டுமே முழுசாக வேண்டாம். ஃபிரிட்ஜ், ஃபேன் மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் குறைப்பது சுலபம். குழாய் ஸ்பீக்கர் அப்படியில்லை. அதில் வருவதும் மனிதக் குரல்தான். உங்கள் நடிகரின் குரலும் அதுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். புது மென்பொருள்கள் ஓரளவுக்குப் பிரித்துத் தருகின்றன, மறுக்கவில்லை. அளவு தாண்டினால் ஆள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். பாதி குறைந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் முதலில் தேடுவது மற்ற டேக்குகளைத்தான். மூன்றாவது டேக்கில் படம் நன்றாக இருக்கும், ஒலி கெட்டிருக்கும். ஒன்றாவது டேக்கில் அதே வரியை அதே ஆள் சுத்தமாகச் சொல்லியிருப்பார். அந்தக் குரலை எடுத்து இந்த உதட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லைக் கொஞ்சம் இழுத்து, ஒரு இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கினால் அச்சாகப் பொருந்தும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு பைசா செலவில்லை, நடிப்பும் அந்த இடத்தில் பிறந்த நடிப்பாகவே இருக்கும்.

அப்படியும் மீட்க முடியாத வரிகளை மட்டும் திரும்பப் பதிவு செய்யுங்கள். கோவில்பட்டிப் பக்கம் எடுத்த ஒரு படம் நினைவுக்கு வருகிறது. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு தாய், வாசலில் நின்று மகனிடம் நாலு வரி பேசுவார். அந்த நேரம் பார்த்து லாரி போய்விட்டது. சென்னைக்கு வரவழைத்து ஸ்டூடியோவில் டப் செய்தோம். அந்த அம்மா நடிகை இல்லை, அந்த ஊர்க்காரர். கண்ணாடி அறைக்குள் ஏ.சி.யில் ஹெட்போனை மாட்டியதும் குரல் சுருங்கிப் போய்விட்டது. வரி சரி, உதடு சரி, குடம் சுமந்து வந்த மூச்சு மட்டும் இல்லை. பிறகு இயக்குநரே ரெக்கார்டரோடு ஊருக்குப் போனார். ஊர் அடங்கிய பிறகு அவர் வீட்டு அடுப்படியில், ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, படப்பிடிப்பில் வைத்த சட்டையில் குத்தும் அதே லேப்பல் மைக்கை வைத்து, நிறைகுடத்தைத் தூக்கி இரண்டு நடை நடக்கச் சொல்லிவிட்டுப் பேச வைத்தார். அந்தப் பதிவைப் போட்டோம். படம் பார்த்த யாரும் இதுவரை அதைக் கண்டுபிடித்ததில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பின்னணிச் சத்தம் இருப்பது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஷாட் மாறும்போதெல்லாம் அது மாறுவதுதான் பிரச்சினை. ஒரு ஷாட்டில் மோட்டார், அடுத்த ஷாட்டில் மௌனம், திரும்பவும் மோட்டார் என்று குதித்தால் காது பிடித்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்க வைத்து ஒரு நிமிட ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம், எடுங்கள். அதை அடியில் விரித்துவிட்டால் வெட்டுகளெல்லாம் மூடிவிடும். எடுக்காமல் வந்துவிட்டீர்கள் என்றால், அந்த இடத்துக்கு அதே நேரத்தில் திரும்பப் போய்ப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். நாகர்கோவிலிலேயே இருக்கிறீர்கள், ஒரு நாள் வேலைதான்.

இனிமேல் படப்பிடிப்பு வீட்டில் ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜையும் போட்டுவிடுவீர்கள். வீடு கொடுத்த அம்மாவின் பாலும் மீனும் கெடாமல் இருக்கும்.

கேள்வி: படம் மொத்தம் 2 மணி 40 நிமிடம் வந்திருக்கிறது. எடிட் செய்யும் நண்பன் 40 நிமிடம் தூக்க வேண்டும் என்கிறான். எனக்கு ஒரு ஷாட்டைக்கூட விட மனசில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிடும் போலிருக்கிறது.
(இயக்குநர், சேலம்)

உங்கள் இரண்டு பேரையும் எனக்குப் புரிகிறது. அந்த ஷாட்டுக்காக நீங்கள் வெயிலில் நின்றீர்கள், யாரிடமோ கை நீட்டினீர்கள். அது உங்களுக்கு ஷாட் இல்லை, ஒரு நாள். உங்கள் நண்பருக்கு அந்த நாள் தெரியாது. அவருக்குத் திரையில் என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். ரசிகரும் அப்படித்தான் வருவார்.

நான் தொழில் கற்கும்போது ஃபிலிம்தான் ஓடியது. 400 அடி ரோல் என்றால் நாலரை நிமிடம்கூட வராது. ஒவ்வோர் அடிக்கும் காசு என்பதால் எது தேவை என்ற சண்டையில் பாதியைப் படப்பிடிப்பிலேயே போட்டு முடித்துவிட்டு வருவார்கள். இப்போது கார்டில் மணிக்கணக்கில் ஓடுகிறது. அந்தச் சண்டையெல்லாம் எடிட்டிங் மேசைக்கு வந்து சேர்கிறது. அதனால் நண்பரோடு சண்டை வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

முதல் வேலை, இரண்டு வாரம் படத்தைத் தொடாமல் இருங்கள். இரண்டு பேரும்தான். அதன் பிறகு, கதை தெரியாத ஐந்தாறு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சினிமாக்காரர்கள் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடை அண்ணன், உங்கள் பள்ளி வாத்தியார் போதும். படத்தைப் போட்டுவிட்டு நீங்கள் பின்னால் உட்கார்ந்து அவர்களைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் உடம்பை அசைக்கிறார்கள், எப்போது தண்ணீர் குடிக்கப் போகிறார்கள் என்று குறித்து வையுங்கள். முடிந்ததும் பிடித்ததா என்று கேட்காதீர்கள். உங்கள் மனம் நோகக் கூடாதென்று பிடித்தது என்றுதான் சொல்வார்கள். கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்போது எந்தக் காட்சி வரவே இல்லையோ அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எடுத்துப் பார்ப்பது என்றால் அழிப்பது இல்லை. வெர்ஷனுக்கு நம்பர் போட்டுத் தனியாகச் சேமித்துவிட்டு எடுங்கள். வேண்டுமென்றால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்று தெரிந்தால் கை அவ்வளவு நடுங்காது.

ஒரு படத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மகன் பல வருடம் கழித்து ஊருக்கு வருகிறான். தென்காசியிலிருந்து ராத்திரி பஸ். பஸ்ஸை வாடகைக்கு எடுத்து இரண்டு ராத்திரி படம் பிடித்திருந்தார்கள். ஏழு நிமிடக் காட்சி. அருமையான வெளிச்சம், அந்தப் பையனும் நன்றாக நடித்திருந்தான். படத்திலேயே அதிகச் செலவு அதற்குத்தான். அடுத்த காட்சியில் அம்மா திண்ணையில் காத்திருப்பார். அது மட்டும் எடுபடவே இல்லை. அழகாக எடுத்த காட்சி ஏன் இப்படிக் கிடக்கிறது என்று பத்து நாள் முட்டிக்கொண்டோம். பிறகுதான் புரிந்தது. மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பது ரசிகருக்குத் தெரிந்துவிட்டது. வந்துவிடுவான் என்று தெரிந்த பிறகு அம்மா காத்திருப்பதில் என்ன இருக்கிறது? பஸ் காட்சியை எடுத்துவிட்டு ஓட்டினோம். மகன் வருவானா மாட்டானா என்று அம்மாவோடு சேர்ந்து நாங்களும் தெருவைப் பார்த்தோம்.

இயக்குநர் மூன்று வாரம் சம்மதிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் அவரே வந்தார். பஸ்ஸின் பிரேக் சத்தத்தையும், கதவு அடித்துச் சாத்துவதையும், கண்டக்டர் விசிலையும் மட்டும் திண்ணைக் காட்சியின் கடைசியில் வெளியே தூரத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தோம். அம்மா தலையை நிமிர்த்துகிறார், நமக்குப் பஸ் தெரியாது, சத்தம் மட்டும்தான். இரண்டு ராத்திரிச் செலவும் அந்த ஆறு நொடிச் சத்தமாகப் படத்தில் இருக்கிறது. நான் வேலை செய்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் அது ஒன்று.

உங்கள் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 40 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டு எல்லாக் காட்சியிலும் ஓரத்தை நறுக்க வேண்டாம். ஒரு பாட்டி தரையில் கை ஊன்றி எழுந்திருக்க எட்டு நொடி ஆகும் என்றால் அந்த எட்டு நொடியும் வேண்டும். இப்படிப்பட்ட இடங்களை நறுக்கிவிட்டுத் தேவையில்லாத முழுக் காட்சியை வைத்திருந்தால் படம் சின்னதாகும், ஆனால் நீளமாகவே தெரியும்.

கேள்வி: எல்லாக் காட்சிகளும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. இன்னொன்று வாங்கப் பணமில்லை. ஆபத்தா?
(வாசகர், தஞ்சாவூர்)

ஆபத்து. இந்தப் பக்கத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு இன்றைக்கே யாரிடமாவது ஒரு டிஸ்க் இரவல் வாங்கி நகல் எடுங்கள். மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். ஒரே பையில் மூன்று டிஸ்க்கை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் அது ஒரு நகல்தான். மேசையிலிருந்து விழுந்த ஒரு டிஸ்க்கால் நான்காம் நாள் படப்பிடிப்பு முழுவதையும் இழந்த ஒரு குழுவோடு நான் வேலை செய்திருக்கிறேன். அந்தப் படம் இன்றுவரை வெளிவரவில்லை.

கேள்வி: ஒரு காட்சியில் ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது. 30 நொடிக்குள் இருந்தால் உரிமை வாங்க வேண்டாம் என்கிறார்களே? இன்னொரு சந்தேகம், டைட்டில் கார்டில் தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறது.
(வாசகி, விழுப்புரம்)

30 நொடி விதி என்று ஒன்று கிடையாது. 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. ஐந்து நொடி போட்டாலும் கேட்க உரிமையுள்ளவர் கேட்கலாம். பாட்டின் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனையை யார் வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் ஒரு வித்வான் சமீபத்தில் பாடிப் பதிவு செய்த ஒலிநாடாவை எடுத்துப் போட முடியாது. பாரதியார் பாட்டும் அப்படித்தான். தெரிந்தவர் ஒருவரைப் பாடவைத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிப் பதிவு செய்து, அதை ரேடியோ ஸ்பீக்கரில் கேட்பது போல மாற்றி வையுங்கள். எடிட் செய்யும்போது தற்காலிகமாகக்கூட அந்தச் சினிமாப் பாட்டை வைக்காதீர்கள். பத்து முறை கேட்டுவிட்டால் வேறு எதைப் போட்டாலும் உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

எழுத்து உடைவது மென்பொருளின் குறை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் என்றால் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், எழுத்து சரியாக வரும் வேறு மென்பொருளில் அடித்து, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்துக்கொண்டு வந்து வையுங்கள். ஊர்க்காரர்கள் பெயரெல்லாம் நன்றி கார்டில் வரும். தன் பெயர் உடைந்து கிடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர்த் தியேட்டரில் ஒரே ஒரு காட்சி போட உரிமையாளர் சம்மதித்துவிட்டார். பென் டிரைவில் ஃபைலைக் கொடுத்தால் போதுமா? சென்சார் வேண்டுமா?
(குறும்படக் குழு, கடலூர்)

முதலில் சென்சார். டிக்கெட் போட்டாலும் இலவசம் என்றாலும், பொதுமக்களுக்குத் தியேட்டரில் காட்டுவதற்குச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம். 2023-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு யு.ஏ. என்பதை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். படத்தில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் தொடக்கத்திலும் நடுவிலும் எச்சரிக்கைப் படம், அந்தக் காட்சி ஓடும்போது கீழே வாசகம், எல்லாம் வேண்டும். ஆடு மாடு நடித்திருந்தால் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதிக் கடிதம். இதற்கெல்லாம் நாளாகும் என்பதை மனதில் வைத்துத் தேதி சொல்லுங்கள்.

வெறும் வீடியோ ஃபைல் போதாது, தியேட்டருக்கு டி.சி.பி. (டிஜிட்டல் சினிமா பேக்கேஜ்) என்ற வடிவத்தில் கொடுக்க வேண்டும். டி.சி.பி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்யலாம். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சுருக்கி வைப்பதால் ஃபைல் பெரிதாக இருக்கும். 90 நிமிடப் படம் 170 ஜி.பி. வரைகூடப் போகலாம், குறும்படத்துக்கு அவ்வளவு வராது. படம் 1920-க்கு 1080 என்றால் ஃபிளாட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் அளவு 1998-க்கு 1080. இரண்டு ஓரத்திலும் 39 பிக்சல் கறுப்பு நிற்கும், யாருக்கும் தெரியாது. இழுத்து நிரப்பாதீர்கள், முகம் அகன்றுவிடும். 24 ஃபிரேமில் கொடுங்கள், எல்லாத் தியேட்டரிலும் ஓடும்.

ஒலியில் கவனமாக இருங்கள். யூடியூபுக்குச் செய்த ஸ்டீரியோ மிக்ஸை அப்படியே போட்டால் வசனம் இடது வலது ஸ்பீக்கர்களிலிருந்துதான் வரும். இடது ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு, திரையின் நடுவில் பேசும் ஆளின் குரல் சுவர்ப் பக்கமிருந்து கேட்கும். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும்படி 5.1-ஆக (முன்னால் மூன்று, பின்பக்கம் இரண்டு, அடித்தொனிக்கு ஒன்று என ஆறு டிராக்) மிக்ஸ் செய்யச் சொல்லுங்கள். ஆறு டிராக்கின் வரிசையையும் சரிபாருங்கள். ஒரு முறை இந்த வரிசை மாறிப்போய், கதாநாயகி பேசுவதெல்லாம் ரசிகர்களின் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. இருநூறு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் பட்ட வேதனை இன்னும் போகவில்லை.

அதனால் காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில் தியேட்டர் காலியாக இருக்கும்போது ஆபரேட்டரிடம் கேட்டு ஒரு பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மிக்ஸ் அறையில் ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை, 7 என்ற அளவில் வைத்து வேலை செய்திருப்பார்கள். பல தியேட்டர்களில் அதைவிடக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். மெதுவாகப் பேசும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடச் சொல்லுங்கள். நடு வரிசையில் ஒரு தடவை, முன் வரிசை ஓரத்தில் ஒரு தடவை, கடைசி வரிசையில் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். எல்லா இடத்திலும் வசனம் புரிகிற அளவில் ஃபேடரை நிறுத்தி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஆபரேட்டர் அண்ணனிடம் கொடுங்கள். அன்று மாலை தியேட்டர் நிறைந்தால் ஆட்களின் உடம்பே சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும். அரைப் புள்ளி ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.